தென்னாப்பிரிக்காவில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு: விசாவும் வாரம் 20 மணி நேர வேலையும்

டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் அறைகள் வாடகைக்கு விடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து போன் செய்கிற பெற்றோர் வாடகையை விசாரிப்பதற்கு முன்பே, "அக்கா, அங்கே பார்ட் டைம் வேலை பார்த்தே பீஸ் கட்டிவிடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கட்ட முடியாது. படிப்பு விசாவில் உயர்கல்வி படிக்கிறவர் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். 2025 மார்ச்சில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக (ராண்ட் இந்த நாட்டுப் பணம்) இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் முழுக்க 20 மணி நேரமும் உழைத்தால் 576 ராண்ட், நாலு வாரத்துக்கு 2,300 ராண்ட் சொச்சம். அறை வாடகைக்கே இழுபறிதான். கைச்செலவுக்கு உதவும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன், கூடுதல் நேரம் நில்" என்று கூப்பிடுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறார், சொந்தக்காரர் மாதிரி பழகுகிறார் என்று போய்விடாதீர்கள். பிடிபட்டால் அவருக்கும் வழக்கு வரும், ஆனால் படிப்பை இழந்து ஊர் திரும்புவது நீங்கள்தான்.

சரி, விசாவுக்கு வருவோம். ஊரிலிருக்கும்போதே, விசா விண்ணப்பங்களை வாங்கி அனுப்புகிற வி.எஃப்.எஸ். மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். ஒருசில விதிவிலக்குகள் தவிர அது நடக்காது.

பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் முதலில் வேண்டும். அதில் வெறும் 'இடம் கொடுத்தோம்' என்று இருந்தால் போதாது. நீங்கள் பதிவு செய்ததையும், நடுவில் விட்டுப்போனால் அதையும் தென்னாப்பிரிக்க உள்துறைக்குத் தெரிவிப்போம் என்று பதிவாளர் உறுதி தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு மறுபடி வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றிதழ், மருத்துவ அறிக்கை இரண்டும் 6 மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்கட்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தால் காலாவதியாகி மறுபடி செலவு வைக்கும். பீஸுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் இருப்பதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரமும் சேரும்.

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் மருத்துவக் காப்பீடுதான். ஊரில் எடுத்த டிராவல் இன்சூரன்ஸ் செல்லாது. 1998ஆம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டத்தின் கீழ் தென்னாப்பிரிக்காவிலேயே பதிவான திட்டமாக இருக்க வேண்டும். பொதுவாக வருடத் தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். வகுப்பு பிப்ரவரி வாக்கில் தொடங்குகிறது, எனவே டிசம்பருக்குள் இந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். பெற்றோர் பட்ஜெட்டில் இது அடிக்கடி விடுபடுகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் டிக்கெட். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

விசா கைக்கு வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். எந்தக் கல்வி நிறுவனத்தின் பேரில் கொடுத்திருக்கிறார்களோ அங்கேதான் படிக்கலாம். வேறு இடத்துக்கு மாறுவதென்றால் விசாவையும் மாற்ற வேண்டும்.

படிப்பு நீண்டால், விசா முடிய 60 நாளுக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விசா முடிந்தும் விண்ணப்பிக்காமல் தங்கி, 30 நாள் தாண்டிவிட்டால் 5 வருடம் இந்த நாட்டுக்குள் வர முடியாது. 30 நாளுக்குள் கிளம்பினாலும் ஒரு வருடத் தடை உண்டு. வெஸ்ட்வில்லுக்கு வருகிற பிள்ளைகள் ஆராய்ச்சிப் படிப்பென்றால் இந்தத் தேதியை வழிகாட்டிப் பேராசிரியரிடமும் முதல் வாரமே சொல்லிவையுங்கள், நீட்டிப்புக்கான கடிதத்துக்கு அவர் கையெழுத்தும் தேவைப்படலாம்.