கண்மாயில் பதிந்த வண்டியை இழுக்கும்போது செய்யக் கூடாதவை

ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் போன் வந்துவிடும். "அண்ணே, வண்டி பதிஞ்சிருச்சுண்ணே." காரைக்குடியைச் சுற்றிக் கண்மாய்களுக்குப் பஞ்சமில்லை. ஃபோர் வீல் டிரைவ் வாங்கிய பையன்களுக்கும் இப்போது பஞ்சமில்லை. போன வாரம் புதுவயல் பக்கம் போய்ப் பார்த்தால், பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு 20 வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து, வரிசைகூட மாறவில்லை. லோ கியர் போட மறப்பது, பதிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்துக் குழி பறிப்பது, இதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அதை விடுகிறேன்.

காய்ந்த மேல்தோலை நம்புவது

கண்மாய் உள்வாயில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதன்மேல் ஆட்டுக் குளம்பு கூடப் பதிந்திருக்காது. ஆடு 30 கிலோ, மஹிந்திரா தார் ஜீப் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் டன். ஒரு சாண் கீழே கரம்பை மண் இன்னும் களியாகத்தான் கிடக்கும். இறங்கி ஒரு கம்பைக் குத்திப் பாருங்கள்.

தோண்டாமல் இழுப்பது

அச்சும் டிஃபரன்ஷியலும் சேற்றில் உட்கார்ந்திருக்கும்போது இழுத்தால், வண்டியோடு சேர்த்துச் சேற்றையும்தான் இழுக்கிறீர்கள். முதலில் மம்பட்டி. அடியில் உள்ளதை வழித்தெடுங்கள், சக்கரத்துக்கு முன்னால் சரிவு வெட்டுங்கள், டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். பாதி நேரம் வண்டி தானாகவே ஏறிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரும்பு உருண்டையில் கயிற்றை மாட்டுவது

என் எரிச்சலெல்லாம் இங்கேதான். டிரெய்லர் மாட்டுவதற்காகப் பின்பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பளபள உருண்டை, அந்த டோ பால். கயிற்றின் கண்ணைப் போட்டால் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் கை முதலில் அங்கே போகிறது.

எனக்கும் போனது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாய். என் ஜீப் பதிந்துவிட்டது; நண்பனின் பிக்கப்பில் உருண்டை இருந்தது; தூத்துக்குடியில் வாங்கிய கப்பல் நைலான் கயிறு கையில் இருந்தது. முதல் இழுப்பில் ஜீப் அசையவில்லை. "மாப்ளே, கொஞ்சம் ஓட்டத்துல வா" என்று சொன்னவன் நான்தான். அவனும் பத்தடி பின்னால் வந்து, மிதித்துக்கொண்டு கிளம்பினான். 'டக்' என்று ஒரு சத்தம். உருண்டை என் முன்கண்ணாடியின் இடது மூலையைத் துளைத்து, பக்கத்து சீட்டின் முதுகைக் கிழித்து, பின்னால் தார்ப்பாயையும் பொத்துக்கொண்டு போய்விட்டது. அதுவரை அந்த சீட்டில் என் மச்சான்தான் உட்கார்ந்திருந்தார். சேற்றில் கழன்ற செருப்பை எடுக்க அப்போதுதான் இறங்கியிருந்தார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அவர் இதை வேடிக்கையாகச் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. முறிந்த கழுத்துத் துண்டு என் பட்டறை மேசையில் கிடக்கிறது. முறிந்த முகம், கருப்பட்டியை உடைத்த மாதிரி பொரபொரவென்று இருக்கும்.

அந்த உருண்டை டிரெய்லரின் பாரத்தைத் தாங்கவும், சீராக இழுக்கவும் செய்யப்பட்டது. வெடுக்கென்று விழும் இழுப்புக்கு அதன் கழுத்து தாங்காது. இப்போது விற்கிற கைனெடிக் கயிறு 30 சதவீதம் வரை நீளும். உண்டிவில் ரப்பர் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பதிந்த வண்டியை மெதுவாகக் கிளப்புகிறது. நடுவில் ஏதாவது முறிந்தால் அத்தனை சக்தியும் அந்த இரும்போடு போகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி நான்கு மடங்கு. ஆஸ்திரேலியாவில் இப்படி உருண்டை பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பையன் என்னிடம் வாதாடினான். "அண்ணே, இதுல 2000 கிலோன்னு அடிச்சிருக்குண்ணே."

"தம்பி, அது டிரெய்லரோட கணக்குப்பா."

சரி, எங்கே மாட்டுவது? சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய, இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில். பின்னால் சதுரக் குழாய் இருந்தால், உருண்டையை அதன் தண்டோடு உருவிவிட்டு, அதே இடத்தில் ஷேக்கிள், அதாவது திருகு பின் போட்ட U வடிவ இரும்பு வளையம், மாட்டும் கட்டையைச் செருகி, குறுக்குப் பின்னைப் போடுங்கள். ஷேக்கிள் 19 மில்லிமீட்டர், உடம்பில் 4.75 டன் என்று பொறித்தது. அதன் பின்னை முழுக்கத் திருகி, கால் சுற்று திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் இழுத்த பிறகு இறுகிக்கொண்டு கழலாது. பம்பருக்குக் கீழே தெரிகிற சின்ன வளையம் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு. முன்னால் உள்ள கார்டு அழகுக்கு. கயிற்றின் நீளம் போதவில்லை என்று இரண்டு கயிற்றை ஷேக்கிள் போட்டு இணைப்பதும் இதே தவறுதான்; கயிறு அறுந்தால் அந்த ஷேக்கிள் பறக்கும், அதே உருண்டைதான், இடம்தான் வேறு.

டிராக்டர் வந்ததும் ஒதுங்கிக்கொள்வது

"நீங்க ஏறுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்பார் டிரைவர். அவர் கொண்டுவரும் சங்கிலி துளியும் நீளாது. இறுக்கிப் பிடித்து மெல்ல இழுத்தால் சரி, வெட்டி இழுத்தால் அறுந்துவிடும். அதைவிட மோசம், அதை டிராக்டரின் மேல்கொக்கியில் மாட்டுவது. பின் அச்சுக்கு மேலே பாரம் விழுந்தால் முன்சக்கரம் தூக்கி, டிரைவர் மேலேயே டிராக்டர் மல்லாந்துவிடும். குதிக்க நேரமிருக்காது. "அண்ணே, கீழ்க்கொக்கியில மாட்டுங்க" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வேடிக்கை பார்க்க விடுவது

9 மீட்டர் கயிறு என்றால் 14 மீட்டருக்குள் ஆடு மேய்க்கும் பையன்கூட நிற்கக் கூடாது. இறுகிய கயிற்றைத் தாண்டக் கூடாது. தேர் இழுக்கும்போது மாதிரி குரல் கொடுக்கிறவர் ஒருவர்தான்.

ஹைலிஃப்ட் ஜாக்

வண்டியை உயரத் தூக்கும் இந்த நெட்டை ஜாக் சேற்றில் வேண்டாம். அடியில் பலகை இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

வின்ச்சுக்குக் கண்டதை ஆதாரமாக்குவது

வின்ச் என்பது கம்பியை உருளையில் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி. அதைப் பனையின் அடிமரத்தில், அகலமான பட்டையைச் சுற்றி, தரையை ஒட்டிக் கட்டுங்கள். மின்கம்பம் வேண்டாம், எல்லைக்கல் வேண்டாம். ஒருவர் அய்யனார் கோயில் மண்குதிரையின் காலைச் சுற்றினார். ஊரார் வருவதற்குள் அவிழ்க்க வைத்தேன். உருளையில் குறைந்தது 5 சுற்றுக் கம்பியாவது மிச்சமிருக்கட்டும்.

கரையைக் கிழித்துவிட்டுக் கிளம்புவது

வண்டி ஏறிய தடம் கரையில் அப்படியே கிடந்தால், அடுத்த மழையில் தண்ணீர் அதன் வழியாகத்தான் அரிக்கத் தொடங்கும். கீழே நெல் போட்டிருப்பவர் நமக்கு என்ன பாவம் செய்தார்? அந்தப் பையன்களை இருட்டும்வரை நிறுத்தி, மண் போட்டு மிதிக்க வைத்துத்தான் அனுப்பினேன். போனில் என் பெயரை என்னவென்று மாற்றி வைத்திருக்கிறார்களோ!