வாடிக்கையாளர் மதிப்புரைகளை வியாபாரத்திற்கு விளம்பரமாக்குவது எப்படி

வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர், எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே கைபேசியில் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நேரு வீதியில் நீங்கள் வைத்திருக்கும் பெயர்ப்பலகைக்கு முன்னதாக அவர்கள் கண்ணில் படுவது, கூகுள் மேப்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கடையைப் பற்றி எழுதிய நான்கு வரிகள்தான்.

முதலில், கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் கடையின் விவரங்களைக் காட்டும் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலில், கடை உங்களுடையதுதான் என்று உரிமை கோரிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மதியம் கடையை அடைத்து மாலையில் திறக்கும் வழக்கம் இன்னும் உள்ள ஊர் இது என்பதால், திறக்கும் நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுவது மிக முக்கியம். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் கொடுக்கும் ஒற்றை நட்சத்திரத்தை உங்கள் சரக்கின் தரம் ஈடுசெய்யாது.

மதிப்புரையைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை, ஆனால் கேட்கும் நேரம் பொருந்த வேண்டும். விருந்தினர் இல்லம் நடத்துகிறவர், தங்கியவர் அறையைக் காலி செய்யும் வேளையில் கேட்கலாம். பண்ருட்டியிலிருந்து முந்திரி அனுப்புகிறவர், பார்சல் போய்ச் சேர்ந்து பிரித்துப் பார்த்த பிறகு மதிப்புரை எழுதும் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். "நல்லபடியாக எழுதுங்கள்" என்று கேட்பதைவிட, "எதை வாங்கினீர்கள், எப்படி இருந்தது என்று எழுதுங்கள்" என்று கேட்பதே மேல், ஏனெனில் அடுத்தவருக்கு உதவுவது அந்த விவரம்தான். மதிப்புரைக்குத் தள்ளுபடியோ இலவசமோ தருவதையும், திருப்தியடைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. விற்பவரே வாடிக்கையாளர் போல நடித்து மதிப்புரை எழுதுவதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் அனுமதிப்பதில்லை.

குறை சொல்லும் மதிப்புரையைக் கண்டு பதறத் தேவையில்லை; என்னைக் கேட்டால், புகழுரையைவிட, குறைக்கு நீங்கள் எழுதும் பதிலைத்தான் புதிய வாடிக்கையாளர் உன்னிப்பாகப் படிக்கிறார். அறையில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதினால், அவருடைய மொழியிலேயே, "நீங்கள் தங்கிய இரவில் அது பழுதாகியிருந்தது உண்மை. மறுநாளே சரிசெய்துவிட்டோம். சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். வாதாடாதீர்கள், அவர் எந்த அறையில் யாருடன் தங்கினார் என்பது போன்ற சொந்த விவரங்களைப் பொதுவெளியில் வைக்காதீர்கள். விதிமீறலோ பொய்யோ ஆன மதிப்புரையைப் பற்றிக் கூகுளிடம் புகார் செய்யலாம், ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அது நீக்கப்படாது.

வந்து சேர்ந்த மதிப்புரைகளை மாதம் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். விலை குறைவு என்பதே உங்கள் பலம் என்று நீங்கள் நினைத்திருக்க, வாங்கியவர்களோ "முந்திரி உடையாமல் முழுசாக வந்தது" என்றே திரும்பத் திரும்ப எழுதியிருக்கலாம். அப்படியானால் இன்ஸ்டாகிராம் பதிவிலும், கடைச் சுவரிலும், விலைப்பட்டியலின் தலைப்பிலும் போட வேண்டிய வாசகம் அதுவே. அவர்கள் எழுதியதைத் திருத்தாமல், தேதியோடு எடுத்தாளுங்கள்; பெயரையோ படத்தையோ சேர்ப்பதானால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். ஒரே குறையைப் பலரும் சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்து முடிக்கும் வரை புதிய விளம்பரத்திற்குப் பணம் செலவிடாமல் இருங்கள்.