போல்ட்டை அறையாதீர்கள்

ஏற்காட்டில் தங்கை வீட்டின் பின்கட்டிலிருந்து ‘டப், டப்’ என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். மருமகன் தன் ஏர் ரைபிளின் (அடைத்து வைத்த காற்றால் சுடும் துப்பாக்கி) போல்ட்டை, அதாவது குண்டைக் குழலுக்குள் தள்ளி மூடும் கம்பியை, உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தான். “மூட மாட்டேன் என்கிறது, மாமா.”

முதல் தவறே அதுதான். போல்ட் மூடவில்லை என்றால் உள்ளே எதுவோ தடுக்கிறது. அறைந்தால் தடுப்பது விலகாது. மேகசினின் (குண்டுகளை அடுக்கி வைக்கும் கூடு) சக்கரமோ போல்ட்டின் முனையோதான் வளையும். குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மேகசினைக் கழற்றச் சொன்னேன். பாதி மேகசினிலும் பாதி குழல் வாயிலுமாக ஒரு குண்டு நசுங்கிக் கிடந்தது.

பத்துக்கு எட்டு முறை குற்றவாளி துப்பாக்கி அல்ல, குண்டுதான் என்பது என் அனுபவம். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டின் பின்பக்கம் பாவாடைபோல விரிந்து, உள்ளே வெறும் கூடாக இருக்கும். சுடும்போது காற்று அந்தப் பாவாடையை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்டவைக்கிறது. ஈயமோ நகம் பட்டாலே பள்ளம் விழும் உலோகம். பாவாடை நெளிந்த குண்டு உள்ளே போகும்போதும் சிக்கும், போன பிறகு காற்றையும் கசியவிடும். மருமகனின் குண்டு டப்பா சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்குள் குலுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மேலே கொஞ்சம் பஞ்சு வைத்து மூடியிருந்தால் போதும்.

சோதிக்க ஒரு கண்ணாடித் தகடு போதும். லேசாகச் சாய்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிவிடுங்கள். நல்ல குண்டு சீராக வளைந்து உருளும். நசுங்கியது நொண்டும்.

அடுத்தது எண்ணெய். சிக்குகிறது என்றதும் தையல் இயந்திர எண்ணெயை எடுத்து மேகசினில் விடுவது நம் வீட்டு வழக்கம். அதில் ஈயத்தூள் அப்பிக் களியாகி, சக்கரம் இன்னும் மெதுவாகச் சுழலும். மேகசினை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். காற்று அடைக்கும் பக்கத்தில் சாதாரண எண்ணெய் பட்டால் விளையாட்டே இல்லை: உயர் அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும். காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓரிங்குகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன சிலிகான் மசகைத் தவிர வேறெதையும் தொடவிடாதீர்கள்.

மலையில் இன்னொரு தொல்லை உண்டு. மூடுபனி நாளில் கைப்பம்பால் 200 பார் (அழுத்த அலகு) வரை காற்றை நெருக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகித் துப்பாக்கியின் காற்றுக் குடுவைக்குள் தங்கி, உள்ளே துரு ஏறும். நிறுத்தி நிறுத்தி அடியுங்கள். இடையில் பம்பின் ஈரத்தை வெளியேற்றுங்கள். சேலத்து வெயிலில் அடைத்து எடுத்து வருவதே மேல் என்பேன். காற்றழுத்தத்தாலேயே போல்ட் திரும்பும் ரகம் வைத்திருப்பவர்கள், பாதியில் நிற்கிறது என்று பிரித்துப் போடுமுன் அழுத்தமானியைப் பாருங்கள். காற்றுக் குறைந்தால் போல்ட் முழுதாகத் திரும்பாது.

குண்டை ஏற்றிய பிறகு யாராவது காபிக்குக் கூப்பிடுவார்கள். திரும்பி வந்தவர் ஏற்றியதை மறந்து போல்ட்டை மறுபடி இழுத்துத் தள்ளுவார். குழலில் இரண்டு குண்டு ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துவிடும். இலக்கில் அடி விழாமல் மந்தமாக ஒரு சத்தம் மட்டும் கேட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதன்மேல் மூன்றாவதையும் ஏற்றுபவர்கள் உண்டு. எழுந்து போகுமுன் மேகசினைக் கழற்றி, குழலில் இருப்பதை மண்மேட்டில் சுட்டு வெறுமையாக்குங்கள். குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

சிக்கலைத் தீர்க்கிறேன் என்று ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும். சிக்கிய குண்டோடு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

அன்று மாலை மருமகன் கண்ணாடியோடு உட்கார்ந்தான். ஒரே டப்பாவில் 38 நொண்டிகள் தேறின.