கதீற்றர் போட்ட அன்றே கேட்க வேண்டிய கேள்வி

அண்ணாவுக்கு 2009 இல் முள்ளந்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சலம் போவதும் தெரியாது. அப்போது போட்ட கதீற்றர், அதாவது சலப்பைக்குள் விட்டுச் சலத்தை வடிக்கும் குழாய், ஏழு வருடம் தொடர்ந்து இருந்தது. மாதாமாதம் கிளினிக்குக்குப் போவோம், பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவார்கள், வீட்டுக்கு வருவோம். "இது எப்ப இல்லாமப் போகும்?" என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு நிரந்தரக் குழாய் தேவையா என்று முதன்முதலாகக் கேட்டது புதிதாக வந்த ஒரு தாதி. அந்த ஒரு கேள்வியில் அண்ணாவின் வாழ்க்கை மாறியது.

அதனால் தவறுகளைச் சொல்லத் தொடங்கினால் இதைத்தான் முதலில் சொல்வேன்: ஏன் போட்டார்கள், எப்போது எடுப்பார்கள் என்று கேட்காமல் வீட்டுக்கு வருவது. சத்திரசிகிச்சைக்காகப் போட்டதா, சலம் அடைத்ததற்காகவா, நரம்புப் பாதிப்புக்கா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. காரணம், போட்ட திகதி, குழாயின் அளவு, வகை இவ்வளவையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிக்கோன் குழாய் மூன்று மாதம் வரை இருக்கலாம். லேற்றெக்ஸ் குழாயைப் பொதுவாக மாதத்துக்குள் மாற்றுவார்கள். எது போட்டது என்று தெரியாவிட்டால் எப்போது மாற்றுவது என்றும் தெரியாது.

அடுத்தது, கலங்கிய சலத்தைக் கண்டதும் அன்ரிபயோட்டிக் தேடி ஓடுவது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 வீதம் கூடிக்கொண்டு போகும். ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். இருப்பது வேறு, நோயாவது வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் அல்லது அடிவயிற்றில் நோ, காலில் வழமைக்கு மாறான இழுப்பு, வயதானவர் என்றால் திடீரென்று தடுமாற்றமாகக் கதைப்பது, இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றுமில்லாமல் மணமும் கலங்கலும் மட்டும் என்றால் தண்ணீரைக் கூட்டிப் பார்த்து, கிளினிக்கில் சொல்லுங்கள். சும்மா சும்மா குளிசை போட்டால் உண்மையாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது. (சிலருக்கு யூரின் பை ஊதா நிறமாகவே மாறிவிடும். பார்த்தால் நெஞ்சு பதறும். மலச்சிக்கலும் ஒருவகைக் கிருமியும் சேர்ந்தால் வரும் நிறம் அது, பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனாலும் காட்டுவது நல்லது.)

தண்ணீர் விசயத்தில் வன்னியில் நாங்கள் எல்லோரும் குற்றவாளிகள். வவுனியாவுக்குப் பஸ்ஸில் கிளினிக் போகும் நாளில் காலையிலிருந்து ஒரு மிடறும் குடிப்பதில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் உடம்பு வியர்த்தே பாதித் தண்ணீர் போய்விடும். சலம் தேத்தண்ணி நிறத்துக்கு வரும், குழாயில் மண்டி கட்டும், கல் வரும். சாதாரணமாக நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர், வெக்கை நாளில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரேயடியாக ஊற்றாமல் பகல் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வவுனியாப் பக்கம் அப்படியானவர்கள் நிறையப் பேர். அவர்கள் அளவை டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பையைச் சலப்பைக்கு மேலே தூக்குவது இன்னொரு வழக்கம். மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருத்தி, வெட்கத்தில் பையைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். குழாயிலும் பையிலும் நின்ற சலம் திரும்பி உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், நிலத்தில் முட்டவும் கூடாது. குழாயைத் தொடையில் ஒட்டிக் கட்டுங்கள், இழுபடாது. பக்கத்தால் கசிகிறது என்றால் பெரிய குழாயாகப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரும்பாலும் காரணம் அடைப்பு, சலப்பை இறுகுவது, இல்லாவிட்டால் மலச்சிக்கல். பெரிய குழாய் புண்ணைத்தான் கூட்டும்.

இனி அண்ணாவின் மாற்றத்துக்கு வருகிறேன். அவர் பழகியது இடைக்கிடை குழாய் விட்டுச் சலம் எடுக்கும் முறை. மெல்லிய குழாயை விட்டு, வடித்து, உடனே எடுத்துவிடுவது. 1972 இல் அமெரிக்காவில் ஜாக் லாப்பிடெஸ் என்ற மருத்துவர், இதற்குச் சத்திரசிகிச்சைக் கூடத்துச் சுத்தம் தேவையில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை போதும் என்று காட்டினார். அவர் சொன்னதில் முக்கியமானது வேறொன்று: சலப்பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு இரத்தம் ஓடுவது குறையும், அப்போதுதான் கிருமி பிடிக்கும். ஆகவே நேரம் தவறுவது, கொஞ்சம் சுத்தக் குறைவைவிடப் பெரிய தவறு.

நாளுக்கு நான்கிலிருந்து ஆறு தரம். ஒரு தரம் வருவது 500 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்ரிக் ஜக்கும் நாற்பது பக்கக் கொப்பியும் இதற்கென்றே இருக்கின்றன. ஒருநாள் கலியாண வீடு. "பிறகு பாப்பம்" என்று ஒன்பது மணித்தியாலம் விட்டார். வந்து எடுத்தபோது ஜக் நிறைந்து வழிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். கொப்பியில் அந்தப் பக்கத்தை அவரே சிவப்பு மையால் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

குழாய்கள் ஒருமுறை பாவனைக்கானவை. தட்டுப்பாட்டில் மீண்டும் பாவிப்பவர்கள் கழுவும் முறையைத் தாதியிடம் நேரே கேட்டுப் பழகுங்கள். கழுவிய குழாயை ஈரத்தோடு சொப்பின் பைக்குள் முடிந்து வைப்பதுதான் செய்யவே கூடாதது.

சிலர் குழாயே வேண்டாம் என்று அடிவயிற்றை முட்டியால் அமத்திச் சலத்தை வெளியேற்றுவார்கள். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். அதே அமுக்கத்தில் சிறுநீரகத்துக்குத் திரும்பிப் போவது தெரியாது. டொக்டர் சோதித்துச் சொல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். கை இயலாதவர்கள், பார்ப்பதற்கு ஆள் இல்லாதவர்கள் நிரந்தரக் குழாயோடுதான் இருக்க வேண்டிவரும். அப்படியென்றால் அடிவயிற்றால் போடும் குழாய் பொருந்துமா என்று கேளுங்கள்.

அப்பாவின் கதை வேறு. சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியில் வீக்கம். தடிமனுக்குக் கடையில் வாங்கிப் போட்ட மஞ்சள் குளிசை, நித்திரை வரவைக்குமே அந்தக் குளோர்பெனிரமின், அடுத்த நாள் சலம் அடியோடு நின்றுவிட்டது. புரொஸ்டேட் உள்ளவர்கள் அதைக் கேட்காமல் போடக் கூடாது. குழாய் போட்டு வந்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் "கழற்ற முதல் குழாயைக் கட்டிக் கட்டி விடு, சலப்பை பழகும்" என்றார். நாங்களும் ஒரு நாள் கட்டினோம். அதனால் பயன் கிடையாது, கிருமிதான் கூடும். முள்ளந்தண்டுக் காயக்காரருக்கு ஆபத்தும்கூட. உதவியது, கழற்றுவதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்கிய, சலம் போகும் வழியைத் தளர்த்தும் தம்சுலோசின் குளிசையும், முருங்கையிலையும் பழமும் கொடுத்து மலச்சிக்கலைத் தீர்த்ததும்தான். முதல் தரம் கழற்றியபோது போகவில்லை. திரும்பப் போட்டார்கள். "இனி வாழ்நாள் முழுக்க இதுதானே பிள்ளை" என்று அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு கிழமை கழித்து மறுபடி முயன்றபோது போனது. ஒருதரம் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான்.

கடைசியாக, கழுத்திலோ மேல் நெஞ்சு மட்டத்திலோ முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்களின் வீட்டாருக்கு. திடீரென்று மண்டை பிளக்கும் தலையிடி, முகம் சிவந்து வியர்வை, பிரசர் ஏற்றம் என்றால் தைலம் பூசிப் படுக்கவைக்காதீர்கள். அநேகமாகக் குழாய் அடைத்துச் சலப்பை நிரம்பியிருக்கும். நிமிர்த்தி இருத்துங்கள், இறுகிய உடுப்பைத் தளர்த்துங்கள், குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சலம் ஓடாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். வருபவர்களிடம் "முள்ளந்தண்டுக் காயம், குழாய் அடைச்சிட்டுது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அடைப்பை எடுக்காமல் பிரசர் குளிசை மட்டும் கொடுத்தால் தீராது.