ஃப்ளோரைடு இல்லாத பற்பசை: டியூபின் பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்

‘ஃப்ளோரைடு இல்லை’ என்று டியூபின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அதில் எது இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. சொத்தையைத் தடுக்கும் அந்தப் பொருளுக்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும்.

தேட வேண்டிய பெயர்கள் இரண்டு. முதலாவது ஹைட்ராக்சிஅபடைட். பல்லின் மேலுறையான எனாமலே பெரும்பகுதி இந்தக் கால்சியம் பாஸ்பேட் கனிமத்தால் ஆனதுதான். ஜப்பானில் 1993லேயே இதைச் சொத்தைத் தடுப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட், அதாவது நோவாமின். இது பல் கூச்சத்துக்கு. வழக்கமாக 5% இருக்கும். ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் நனைந்த பிரஷ்ஷை டியூப் வாயில் தேய்க்காதீர்கள், மூடியைத் திறந்து போடாதீர்கள். சில நோவாமின் பேஸ்ட்டுகளில் ஃப்ளோரைடும் சேர்ந்தே வரும், கவனம்.

கால்சியம் கார்பனேட்டும் சிலிகாவும் மட்டும் இருந்தால் அது அழுக்கெடுக்கும் பேஸ்ட், அவ்வளவுதான். கடையில் கிடைக்கும் மூலிகைப் பேஸ்ட்டுகளில் பல இந்த ரகம். பட்டியலில் அதிக அளவில் உள்ளது முதலில் வரும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். ஹைட்ராக்சிஅபடைட் வாசனைப் பொருளுக்கும் பின்னால் நின்றால் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

இனி பாதுகாப்பு. சாதாரண ஹைட்ராக்சிஅபடைட்டை விழுங்கினால் வயிற்று அமிலத்தில் கால்சியமாகவும் பாஸ்பேட்டாகவும் கரைந்துவிடும். பட்டாணி அளவு பேஸ்ட் என்பது சுமார் 0.25 கிராம். அதில் 10% இருந்தால் கிடைக்கும் கால்சியம் 10 மில்லிகிராம். ஒரு வாய் பாலில் இதைவிட அதிகம். கேள்வி எழுந்தது நானோ வகையில், அதாவது மிக மிக நுண்ணிய துகள்களாக உள்ளதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2021ல் தரவு போதாது என்றது. 2023ல் பற்பசையில் 10% வரை பாதுகாப்பானது என்றது, ஒரு நிபந்தனையோடு: துகள்களில் குறைந்தது 95.8 சதவீதத்தின் நீளம், அகலத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். ஊசி வடிவத் துகளுக்கு அந்தச் சான்று இல்லை. நுரையீரலுக்குள் போகக்கூடிய ஸ்பிரேக்கும் இல்லை. நானோ பேஸ்ட் வாங்குமுன் துகளின் வடிவத்தை நிறுவனத்திடம் கேளுங்கள். மழுப்பினால் நானோ அல்லாததை வாங்குங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, களிமண் கலந்த பேஸ்ட். பென்டொனைட் போன்றவை மண்ணிலிருந்து வருபவை. ஈயம் கூடவே வரலாம். தொகுதிவாரியான கன உலோகப் பரிசோதனை அறிக்கை காட்டாத களிமண் பேஸ்ட்டைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, இணையத்தில் ஹைட்ராக்சிஅபடைட் பொடி வாங்கித் தேங்காய் எண்ணெயில் குழைப்பது. துகள் வடிவமும் தெரியாது, தூய்மையும் தெரியாது, கலக்கும்போது தூசி மூக்கில் ஏறும். தண்ணீர் சேர்த்தால் பூஞ்சை பிடிக்கும். முட்டை ஓட்டுப் பொடி சேர்த்தால் அதன் கரடு பல்லைத் தேய்க்கக்கூடும். எலுமிச்சை சேர்ப்பது இதையெல்லாம்விட மோசம்: எனாமல் கரையத் தொடங்கும் பிஎச் (அமிலத்தின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5, எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2.

பால் அலர்ஜி உள்ளவர்கள், பல்லுக்குக் கால்சியம் தரும் சிபிபி-ஏசிபி கிரீமைத் தொட வேண்டாம். அது பாலின் கேசீன் புரதத்திலிருந்து எடுத்தது.

ஃப்ளோரைடு விஷம் என்று பயந்து மாறத் தேவையில்லை. 1000 பிபிஎம் (கிலோவுக்கு 1000 மில்லிகிராம்) பேஸ்ட்டில் பட்டாணி அளவுக்கு 0.25 மில்லிகிராம் ஃப்ளோரைடு. உடனடி சிகிச்சை வேண்டிய அளவு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். 15 கிலோ குழந்தை 75 கிராம் பேஸ்ட்டைத் தின்றால்தான் அதை எட்டும். மாற நியாயமான காரணம், குடிநீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற இடங்களில் பேஸ்ட்டை விழுங்கும் சிறு குழந்தை இருப்பது. முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பேஸ்ட்டுக்கு முன் மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான்.

தேய்க்கும் முறை: காலையும் இரவும் இரண்டு நிமிடம், மூன்று வயதுக்குள் அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் கனிமம் தண்ணீரோடு போய்விடும். புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கவும்.

போலந்தில் 18 மாதம் நடந்த ஒரு சோதனையில், 10% ஹைட்ராக்சிஅபடைட் 1450 பிபிஎம் ஃப்ளோரைடுக்குச் சளைக்கவில்லை. ஆனால் பங்கேற்றவர்கள் பெரியவர்கள், செலவு செய்தது தயாரிப்பாளர். ஃப்ளோரைடுக்கு இருக்கும் பல பத்தாண்டுச் சான்று இதற்கு இன்னும் இல்லை. ஆகவே அடிக்கடி சொத்தை வருபவர்கள், பல்லில் கம்பி போட்டவர்கள், கழுத்து-முகக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், வாய் உலர்ந்தே இருப்பவர்கள் பல் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது. மற்றவர்கள் மாறிய ஆறாவது மாதம் காட்டுங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசியது போல் வெண்புள்ளி புதிதாகத் தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. அன்றே ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்குத் திரும்புங்கள்.