'தெரிந்திருந்தால்' எழுதுவதற்கு நான் கண்ட வழி

யாங்கூனில் உளுந்து ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. கப்பல் முந்திப் புறப்படும் என்று தெரிந்திருந்தால் சரக்கை அனுப்பியிருப்போம் என்று சொல்ல நினைத்து, "இஃப் வீ நியூ, வீ வுட் செண்ட்" என்று எழுதிவிட்டேன். "என்ன தெரிய வேண்டும்? சொல்கிறேன், அனுப்புங்கள்" என்று வாங்குபவர் பதில் போட்டார். வெட்கமாகிவிட்டது.

அன்றிரவு தமிழிலேயே எழுதிப் பார்த்தேன். 'தெரிந்திருந்தால்', 'அனுப்பியிருப்போம்'. இரண்டிலும் ஓர் 'இரு' ஒட்டியிருக்கிறது. முதல் 'இரு'வுக்கு ஆங்கிலத்தில் 'ஹேட்', அடுத்ததற்கு 'வுட் ஹேவ்': "இஃப் வீ ஹேட் நோன், வீ வுட் ஹேவ் செண்ட்". நடக்காமல் போனதற்கெல்லாம் இந்த அளவுகோல் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

நிகழ்காலக் கற்பனைதான் கடினம். 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதைத் தமிழ் இரண்டுக்கும் சொல்லும். பணம் இருக்கக்கூடும் என்றால் ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'வில்'; இல்லை என்று தெரிந்தே சொன்னால் 'ஹேட்', 'வுட்'. இன்றைய பேச்சில் இறந்தகாலம் எதற்கு என்று வெகுநாள் முரண்டுபிடித்தேன். நம் 'வந்தால்' மட்டும் என்ன? 'வந்த்' என்ற இறந்தகால அடியில்தானே 'ஆல்' சேர்கிறது! அதைக் கண்ட பிறகு 'இஃப் ஐ வேர் யூ' கூட அந்நியமாகத் தோன்றவில்லை.