வந்து வந்து போகிற வருத்தம் உள்ளவர்கள் இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது

வலிப்பு, மூட்டுவாதம், 2009 யுத்தத்திலிருந்து உடம்புக்குள்ளேயே கிடக்கும் ஷெல் துண்டின் நோ. இவை ஒரு நாள் ஆளைப் படுக்க வைக்கும், மறுநாள் வயலுக்கும் போக விடும். நல்ல நாளில் பார்க்கும் அதிகாரிக்கு நீங்கள் சுகதேகியாகத்தான் தெரிவீர்கள்.

அதனால் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, என்ன செய்ய ஏலாமல் போனது, எத்தனை மணி நேரம் படுத்தீர்கள், என்ன மருந்து. ஒரு வரி போதும். மாரியில் நோ கூடினால் அதையும் எழுதுங்கள். நல்ல நாட்களையும் மறைக்காமல் எழுதினால்தான் கொப்பியை நம்புவார்கள்.

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 2025இல் மாதம் 10,000 ரூபாயாகக் கூடியது. கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். போகும்போது கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள், அவற்றின் போட்டோப் பிரதிகள் கையில் இருக்கட்டும். மூலப்பிரதியை ஒருபோதும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

முக்கியமானது டொக்டரிடம் பேசும் விதம். எங்கள் சனத்துக்கு "எப்படி?" என்று கேட்டாலே "பரவாயில்லை" என்று வாயில் வந்துவிடும். அங்கே அப்படிச் சொல்லாதீர்கள். "தண்ணீர் அள்ளுவீர்களா?" என்றால் வெறுமனே "ஓம்" என்னாமல், "அள்ளுவேன், ஆனால் அடுத்த நாள் எழும்ப ஏலாது" என்று முழுதாகச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் சரி. வலிப்பு உள்ளவர்கள், அது வரும்போது பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். நடந்தது அவருக்குத்தான் தெரியும்.